கூலிக்குப் போகக் கப்பல், படிக்கப் போக ஜாமீன்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கவுண்டரில் உட்கார்ந்து நகைக் கடனுக்கு வட்டி வரவு வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றவர் எனக்குச் சித்தப்பா முறை. எங்கள் தெருதான். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடி முடிந்ததும் நாலு சித்திரை வீதியிலும் மிதிபட்டுக் கிடக்கிற பூவையும் எச்சில் இலையையும் வாருகிற ஒப்பந்தத் தொழிலாளி. பக்கத்தில் அவர் பொண்ணு. திருச்சியிலேயே எம்.எஸ்ஸி முடித்தவள். கையில் பிளாஸ்டிக் உறை, அதுக்குள்ளே பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் அனுப்பிய அனுமதிக் கடிதம். பொது சுகாதாரம் படிக்கப் போகிறாளாம். அப்பன் வாருகிற குப்பை அவனுக்கு என்ன நோயைக் கொடுக்குது என்று தெரிஞ்சுக்கணும் என்றாள்.

மேலாளர் அறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"என்னப்பா, சொத்து ஏதாவது இருக்கா?"

"வீடு இருக்குதுங்க சார்."

"பட்டா?"

"கவர்மெண்டு குடுத்த பட்டா சார்."

"அது ஆகாதுப்பா. அதை விக்க முடியாதுன்னு கண்டிஷன் போட்டுத்தானே குடுத்திருப்பான். நாளைக்கு நீ கட்டலைன்னா நான் எதை ஏலம் விடறது?"

சித்தப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. மேலாளருக்கு முப்பத்தொன்பது. அரைமணி நேரம் கழித்து இன்னொருவர் வந்தார். உத்திர வீதியில் சொந்த வீடு, மூத்த மகன் நியூஜெர்சி, இளையவனுக்குக் கடன். "வாங்க சார், உட்காருங்க சார், காபி சொல்லட்டுமா?" மேலாளர் கெட்டவர் இல்லை, தோழர்களே. இருவருக்கும் ஒரே விதியைத்தான் படித்துக் காட்டினார். விதி ஒன்றாக இருக்கிறது, வீடு ஒன்றாக இல்லை. இதைத்தான் இவர்கள் 'சமவாய்ப்பு' என்கிறார்கள்!

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது சித்தப்பா கேட்டார்: "ஏன் தம்பி, எங்க தாத்தன் கண்டிக்குப் போனப்ப ஒரு பத்திரமும் கேக்கலையே? வா வான்னு கூப்ட்டுல்ல கொண்டு போனான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

திருச்சிராப்பள்ளியின் பெருமைகளைப் பட்டியல் போடுகிற மலர்களில் மலைக்கோட்டை வரும், அரங்கன் வருவான், சுருட்டு வரும், 1883ல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி வரும், திருவானைக்காவலில் 1888ல் பிறந்த சர் சி.வி. ராமன் வருவார். ஒன்று மட்டும் வராது. 1904ல் உருவான சிலோன் லேபர் கமிஷனின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருந்தது. இலங்கைத் தோட்டத் துரைமார்கள் ஆள் பிடிக்கிறதுக்கு வைத்த அலுவலகம். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் ஜில்லாச் சேரிகளிலிருந்து கங்காணி ஆள் திரட்டுவான். மண்டபம் முகாமில் அடைத்து, மருந்தடித்து, கப்பலேற்றுவார்கள்.

இன்றைக்கு 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம்' என்று தில்லைநகர் கிராஸ்களில் கொடி படம் போட்ட பலகைகள் தொங்குகின்றன. நம் ஊரில் கடல் கடந்து அனுப்புகிற தொழிலுக்கு வயது நூற்றிருபதுக்கு மேல் ஆகிறது என்று அந்தப் பலகைக்காரர்களுக்குத் தெரியாது. அன்றைக்குக் கங்காணி. இன்றைக்குக் கன்சல்டன்ட். அவன் ஆளைத் தேடிச் சேரிக்கு வந்தான், இவன் சேரிக்கு வருவதில்லை. வித்தியாசம் இதுதான்.

அன்றைக்கும் கடன் உண்டு. துண்டு என்று அதற்குப் பேர். கூலி பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. புதுத் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டினால் ஆள் அவனுக்குக் கைமாறுவான். 1921ல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். அதற்கு முன்னாலேயே தகரச் சீட்டு வந்துவிட்டது. தோட்டத்துக்கு ஒரு எண், எண் அடித்த தகர வில்லை, அதைக் கட்டிக்கொண்டு போனால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில். யோசித்துப் பாருங்கள். நம் பாட்டனுக்குப் பட்டா இல்லை, ஜாமீன் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெள்ளைக்காரன் கடன் கொடுத்தான். ஏன்? அவன் உடம்பே பிணை. அடமானம் வைக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இலங்கைக்கு மட்டுமா? 1834 முதல் மொரீஷியஸ். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் போய் இறக்கிய முதல் கூட்டம். மலேயா, பர்மா, பிஜி. இந்தக் கப்பல்களில் பறையர், பள்ளர், அருந்ததியர் எத்தனை பேர் போனார்கள் என்று தமிழனின் 'கடல் கடந்த வீரம்' பேசுகிற மேடைகள் எண்ணிச் சொல்லியதுண்டா? ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதைச் சொல்வார்கள். எங்க கொள்ளுப் பாட்டி கொழுந்து கிள்ளினதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போதும் அந்தக் கதை முடியவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவனின் கடவுச்சீட்டு தனி வகை. வளைகுடா மாதிரி சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் தனி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள், இருக்கட்டும். 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் வந்து திறந்து வைத்த திருச்சி விமான நிலையப் புது முனையத்தில் ராத்திரி போய் நின்று பாருங்கள். கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் வரிசையில் நிற்கிற பையன்களைப் பாருங்கள். கட்டுக்கம்பி கட்ட, டிரைவர் வேலைக்கு, கிளீனிங் வேலைக்கு. மண்டபம் முகாமுக்குக் குளிர்சாதனம் போட்டிருக்கிறார்கள்.

3

கடல் தாண்டுகிறது பாவம் என்று சொன்னது யார்? பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிலிருந்து விழ வைக்கும் குற்றங்களோடு சேர்த்து எழுதி வைத்தது. அந்த விதி எங்களுக்காக எழுதப்பட்டதில்லை. விழுவதற்கு எங்களுக்கு உயரம் கிடையாது. அதனால்தான் எங்கள் பாட்டன் கப்பலேறியபோது எந்தச் சாஸ்திரியும் வழிமறிக்கவில்லை, திரும்பி வந்தபோது பிராயச்சித்தமும் கேட்கவில்லை.

கணித மேதை ராமானுஜன் கதையைப் பாருங்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் கிளார்க். நானும் கிளார்க்தான், அந்த ஒரு ஒட்டுறவில் சொல்கிறேன். 1914 மார்ச் 17ல் நெவாசா கப்பலில் ஏறினார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி கொடுத்த பிறகுதான் சம்மதித்தாள் என்பார்கள். 1920 ஏப்ரலில் முப்பத்திரண்டு வயதில் செத்தபோது, கடல் தாண்டியவன் சுத்தி செய்யவில்லை என்று வைதிகச் சொந்தங்கள் பல சாவுக்கு வரவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பார்ப்பனியம் தன் மேதையையும் தின்னும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் கதையின் இன்னொரு பாதியையும் படியுங்கள். அவர் ஏழை, பட்டினி கிடந்தவர், கல்லூரித் தேர்வில் தோற்றவர். இருந்தும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது கதவைத் திறந்து உட்கார வைக்க ஒரு கலெக்டர் இருந்தார். மாதம் இருபத்தைந்து ரூபாய் சொந்தப் பணம் கொடுத்தார். அலுவலகத்தில் கணிதம் தெரிந்த மேலதிகாரி இருந்தார். பட்டமே இல்லாதவருக்குப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தது. பிறகு இங்கிலாந்து போக ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. ராமானுஜன் மேதை, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. நான் கேட்கிறது வேறு. அதே நோட்டை அதே வருஷம் உறையூர்ச் சேரியிலிருந்து ஒருவன் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எந்தக் கலெக்டர் வீட்டுத் திண்ணை வரைக்கும் போயிருப்பான்? 'தகுதி' என்று இவர்கள் சொல்வது மூளை மட்டும் இல்லை. மூளையும் திண்ணையும் சேர்ந்தது.

இந்தச் சூட்சுமத்தை நம் தாத்தன்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாதே, இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ் கேட்டது. பெரிய தேசபக்திக் கோரிக்கை. 1893 டிசம்பரில் ரெட்டமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் போட்டு அதை எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்து, கைநாட்டு வைத்த மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. தேர்வு இங்கே நடந்தால் கடல் தாண்டப் பயப்படுகிற சாதிக்காரன் அத்தனை பேரும் வீட்டிலிருந்தபடியே ஜில்லா அதிகாரியாகிவிடுவான், எங்களை இன்னும் அழுத்துவான் என்பதுதான் வாதம். இதைத் 'துரோகம்' என்று எழுதியவர்கள் உண்டு. நான் சொல்கிறேன், தமிழ்நாட்டில் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நடந்த முதல் தலித் அரசியல் விவாதம் அது. அந்தச் சீனிவாசனே லண்டனுக்குப் புறப்பட்டுத் தென்னாப்பிரிக்காவில் நின்றுபோனார். லண்டனுக்கு அவர் போய்ச் சேர்ந்தது வட்டமேசை மாநாட்டுக்கு, 1930ல், எழுபதை எட்டிவிட்ட வயதில்.

4

இப்போது பாபாசாகேப். 1913ல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. பதிலுக்குப் பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்கிறேன் என்று ஒப்பந்தம். கொலம்பியாவில் எம்.ஏ., அங்கிருந்து லண்டன். உதவித்தொகை முடிந்தது, படிப்பு பாதியில் நின்றது, 1917ல் திரும்பினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவருக்குப் பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் ஒளிந்து தங்கினார், தடியோடு வந்து துரத்தினார்கள். அலுவலகத்தில் பியூன் கோப்பைத் தூர நின்று எறிந்தான். மறுபடி சிடன்ஹாம் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்து, காசு சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜ் உதவியும் வாங்கி 1920ல் லண்டன் போய்த்தான் மிச்சத்தை முடித்தார். 1923ல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்ஸி. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தபோதுதான் 1944ல் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-55ல், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் வந்தது.

அந்தத் திட்டத்தின் இன்றைய யோக்கியதை என்ன? நாட்டுக்கே மொத்தம் 125 இடம். அதில் பட்டியல் சாதியாருக்கு 115. 2011 கணக்கெடுப்பின்படி நாம் இருபது கோடிப் பேர். வருஷத்துக்கு இருபது கோடியில் நூற்றுப் பதினைந்து! ராஜதானி எக்ஸ்பிரசில் இரண்டு பெட்டிக்குக்கூட ஆள் தேறாது.

சரி, போகிற அந்த நூற்றுப் பதினைந்து பேராவது நிம்மதியாகப் போனார்களா? 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்வு செய்தோம் என்று பட்டியல் போட்டார்கள். 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். பல்கலைக்கழகம் செப்டம்பரில் திறக்கிறது, ஜூலையில் 'இருந்தால் தருவோம்'! கல்யாணத்துக்கு முந்தின நாள் தாலிக்குப் பொன் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்கிற கதை.

பணக் கணக்கையும் பாருங்கள். பிரிட்டனுக்குப் போகிறவருக்கு இந்தத் திட்டம் நிர்ணயித்த ஆண்டுப் பராமரிப்புத் தொகை 9,900 பவுண்டு. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு மாணவர் விசாவுக்கு வகுத்த குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதம் 1,483 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 13,347. லண்டனுக்கு வெளியே மாதம் 1,136, அதற்கும் 10,224. அங்கே ஒன்பது மாதத்துக்குப் பத்தாது என்று அவன் சொல்கிற தொகையில் நம் பிள்ளை பன்னிரண்டு மாதம் பிழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று. 2022 பிப்ரவரியில் விதியை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு இந்தத் தலைப்புகளில் ஆராய்ச்சி செய்ய வெளிநாடு போகிறவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை. ஏன்? அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமாம்! தோழர்களே, 1916 மே மாதம் கொலம்பியாவில் மானுடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் பற்றியது. 2022 விதி 1913ல் இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்காரருக்கு ஒரு பென்னி கிடைத்திருக்காது. பாலம் கட்டப் படி, கம்ப்யூட்டர் படி, ரசாயனம் படி. உன்னை எப்படி மிதிக்கிறார்கள் என்று மட்டும் படிக்காதே. அதையும் அரசுச் செலவில் படிக்காதே. சங்கரமடமே விதி எழுதியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்காது.

அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிற கை ஒன்று, அவர் படித்த பாடத்துக்குத் தடை போடுகிற கை ஒன்று. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கிறது.

5

என் பிழைப்பு வங்கி. ஆகவே வங்கியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கல்விக் கடனுக்கான பொதுவான மாதிரித் திட்டத்தில் நாலு லட்சம் வரை பிணை இல்லை. அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன். ஏழரையைத் தாண்டினால் சொத்து. வெளிநாடு என்றால் பதினைந்து சதவீதம் உன் கையிலிருந்து போடணும். வெளிநாட்டுப் படிப்பு எதுவும் ஏழரை லட்சத்துக்குள் முடியாது. பெரிய பல்கலைக்கழகப் பட்டியலில் இருந்தால் சில வங்கிகள் சொத்துக் கேட்காமல் கொடுக்கும், உண்மைதான். அப்போது அப்பனுடைய சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி நடவடிக்கை. ஒப்பந்தக்காரன் கையில் சுருட்டிக் கொடுக்கிற கூலிக்கு ஏது சீட்டு?

அப்படியானால் நிலம் எங்கே? செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ல் அறிக்கை கொடுத்து, 1892ல் அரசாணை வந்து கிடைத்ததே பஞ்சமி நிலம், அது யார் கையில் இருக்கிறது? 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போன நம் தோழர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து 'பிணைச் சொத்து எங்கே?' என்று கேட்பதற்குப் பேர்தான் நிதி ஒழுங்கு.

பிரிட்டன் விசாவுக்குக் கட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, நல்ல விஷயம். ஆனால் 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இந்த 'காட்டும் பணத்துக்கு' ஊரில் தனி வியாபாரமே நடக்கிறது. 28 நாளுக்குப் பணத்தைக் கணக்கில் போட்டு, வட்டியைப் பிடித்துக்கொண்டு எடுத்துவிடுவார்கள். மாட்டினால் விசா போகும், பேர் கெடும், வருஷக்கணக்கில் தடை. சித்தப்பா பொண்ணு என்னிடம் கேட்டாள்: "அண்ணே, இருபத்தெட்டு நாளைக்குச் சும்மா கிடக்கிற மாதிரி பணம் நம்ம தெருவுல யாருகிட்டண்ணே இருக்கும்?" பாஸ்புக்கில் வரவு வைத்த அன்றே எடுத்துவிடுகிற மனிதர்களைத்தான் நான் தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். நான் என்ன பதில் சொல்ல?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு வரியில். இருபத்து நாலு வயதில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது, இலக்கியம் படிக்க. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வேண்டிய வருமானச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது நடை நடந்தேன். கையெழுத்து வந்த அன்றைக்குக் கடைசித் தேதி முடிந்து பதினொரு நாள். பிறகு வங்கித் தேர்வு எழுதினேன். ராத்திரியில் கவிதை எழுதுகிறேன். இதில் சோகம் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அந்த ஒன்பது நடையை இன்னொரு பிள்ளை நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

6

நம் தோழர்களிடமிருந்தே எதிர்ப்பு வரும் என்று தெரியும். இரண்டு வகை.

முதல் வகை: "சேரியில் மயானப் பாதை இல்லை, குடிதண்ணீர் இல்லை. நீ கேம்பிரிட்ஜ் பேசுகிறாய். இது குட்டி முதலாளிய ஆசை." தோழர், மயானப் பாதையும் வேண்டும், கேம்பிரிட்ஜும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கேள் என்பது ஆண்டை பேச்சு. குட்டி முதலாளிய ஆசை மற்ற வீட்டில் பிறந்தால் 'லட்சியம்', நம் வீட்டில் பிறந்தால் 'பேராசையா'? உத்திர வீதிப் பையன் போனபோது அதை யாரும் வர்க்கப் பிறழ்வு என்று கட்டுரை எழுதவில்லை.

இரண்டாவது வகை கொஞ்சம் கனமானது: "போகிறவன் திரும்ப வர மாட்டான். போனால் சாதியை மறைத்துக்கொண்டு அங்கேயே கரைந்துவிடுவான்." இதைச் சுலபமாகத் தள்ள முடியாது. ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று நமக்கெல்லாம் தெரியும். உறையூர்க்காரர் திருப்பாணாழ்வார். பாணர். அரங்கத் தீவில் கால் வைக்கக் கூடாதென்று காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லிக் கல்லெறிந்தார், ரத்தம் வந்தது. அப்புறம் பெருமாள் கனவில் கோபித்துக்கொள்ள, அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். உள்ளே போனவர் பெருமாளோடு ஐக்கியமாகிவிட்டார் என்பார்கள். உருகுகிறார்கள், உபந்நியாசம் செய்கிறார்கள். நான் கேட்கிறது, அந்தத் தோள் ஏன் அவரைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்து விடவில்லை? அவர் பின்னால் இன்னொரு பாணர் ஏன் போக முடியவில்லை? ஒருத்தரைத் தூக்கு, உள்ளே கரை, கதவைச் சாத்து. பார்ப்பனியம் நமக்குக் கொடுக்கிற உதவித்தொகையின் இலக்கணம் இதுதான்.

ஆனால் போனவர்கள் எல்லாரும் கரைந்தார்களா? இல்லை. அம்பேத்கர் திரும்பி வந்தார். அங்கேயே இருப்பவர்களும் சும்மா இல்லை. 2019ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. 2022ல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம். அங்கே போன தலித் மாணவர்களும் தொழிலாளிகளும் வாய் திறந்ததால் வந்தது இது. எதிர்த்தவர்கள் யார்? இங்கிருந்து சாதியை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனவர்கள்தான். கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் ரத்து செய்தார். சண்டை அங்கேயும் நடக்கிறது. சண்டைக்கு ஆள் வேண்டாமா? கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பௌதாயனர் சொன்னது சுத்தப் பொய். போகவில்லையே! அது நம்மைவிட முன்னால் விசா வாங்கி உட்கார்ந்திருக்கிறது.

7

அரசிடம் நாம் கேட்க வேண்டியது நீளமாக இல்லை. 2022 தலைப்புத் தடையை நீக்கு. 115 என்ற பிச்சைக் கணக்கை விட்டு மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் கொடு. தேர்வான பிள்ளைக்கு நிதியை உறுதி செய்துவிட்டுப் பட்டியல் போடு. மாநில அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் அந்தச் செய்தி ஆதிதிராவிடர் நல விடுதியின் சுவருக்கு வந்து சேர வேண்டும். மொழித் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், கடவுச்சீட்டு இந்த முதல் படிச் செலவை யார் கொடுப்பது? ஒரு ஆங்கிலத் தேர்வுக்கே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சித்தப்பாவின் ஒன்றரை மாசக் கூலி. உதவித்தொகை மாடியில் இருக்கிறது, படிக்கட்டு இல்லை. நம் பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு அரசே முழு ஜாமீன் நிற்க வேண்டும். பெரிய முதலாளிகள் கட்டாத கடனை வங்கிகள் கணக்கிலிருந்து தள்ளுகிறபோது யாரும் பட்டா கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அரசைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற ஆட்களாக நாம் இருக்கக் கூடாது. 1956ல் ஆக்ராவில் பாபாசாகேப் படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நொந்து பேசினார். அந்தப் படித்தவர்கள் யார்? நான்தான். நீங்கள்தான். இட ஒதுக்கீட்டில் மாதச் சம்பளம் வாங்கி, வீட்டு வாசலில் சாதி தெரியாத பேரை எழுதி ஒட்டிக்கொண்டவர்கள்தான்.

மாணவத் தோழர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன். இளங்கலை இரண்டாம் வருஷத்திலேயே கடவுச்சீட்டு எடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், வாத்தியார் பரிந்துரை எல்லாவற்றையும் விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியத் திட்டத்துக்கு அறுபது சதவீத மதிப்பெண் வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூறுக்குள் இருக்கிற பல்கலைக்கழகம். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கமிஷன் வாங்குகிற ஏஜெண்ட் தனக்குக் காசு தருகிற கல்லூரிக்குத்தான் உங்களைத் தள்ளுவான், அது பட்டியலில் இருக்காது. காட்டும் பணத்துக்கு வட்டிக்காரனிடம் போகாதீர்கள். கட்டணமில்லாத நாடுகளையும், நேரடியாக உதவித்தொகை தருகிற பல்கலைக்கழகங்களையும் முதலில் பாருங்கள். ஒருத்தர் எழுதிய விண்ணப்பத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள். மேல்சாதி வீட்டில் இந்தக் காகிதங்கள் அண்ணனிடமிருந்து தம்பிக்கு இறங்குகின்றன. நமக்கு அண்ணன் கிடையாது, நாமே ஒருவருக்கொருவர் அண்ணனாக வேண்டும்.

சித்தப்பா பொண்ணுக்கு இந்த வருஷம் போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம், ஒரு வருஷம் தள்ளி வரச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் மாதச் சம்பளக்காரர்கள் பதினொரு பேர் தேறினோம். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு கூட்டுக் கணக்கில் போடுகிறோம், படிக்கட்டுச் செலவுக்கு. இரண்டு பேர் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு போட்டார்கள். அவள் இப்போது உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். துப்புரவுத் தொழிலாளரின் உடல்நலம் பற்றிப் படிக்கப் போகிறாள். அதை 'இந்தியா பற்றிய சமூக ஆய்வு' என்று சொல்லித் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து தலைப்பை மூன்று தடவை மாற்றி எழுதியாச்சு. தேரோடுகிற வீதியில் அப்பனுக்கு வருகிற இருமலை வேறு எந்த நாட்டு இருமல் என்று எழுதுவது? இந்தக் கேள்வியை அமைச்சகத்துக்கு நாம் எல்லாரும் சேர்ந்து அனுப்ப வேண்டும். கையெழுத்துப் படிவம் தயாராகிறது. 1893ல் 3,412 கையெழுத்து வாங்க நம் தாத்தன்களிடம் சைக்கிள்கூட இல்லை.